பின் ஆக்சிலில் கை வைத்தால் பிரேக்கும் மாறும்: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், மாவட்டந்தோறும் எஃப்.சி., அதாவது வண்டிக்கான தகுதிச் சான்று, கொடுக்கும் மைதானத்தில் நின்று வண்டி பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

நான் நாமக்கல் பக்கம் பிரேக் பட்டறை வைத்திருப்பவன். ஊர் லாரிக்குப் பேர் போனது என்றாலும் என்னிடம் வருவது ஜீப், வேன், பிக்கப், கார் என்று ஆயில் பிரேக் வண்டிகள்தான். அவற்றின் அடியில் படுத்து வேலை பார்க்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். பார்வைக்காகவும் பள்ளம் மேட்டுக்காகவும் வண்டியின் பின்பக்கத்தை உயர்த்துகிறார்கள். சிலர் தாழ்த்துகிறார்கள். லோடு தாங்க வேண்டும் என்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை ஏற்றுகிறார்கள். இன்னும் சிலர் வேறு வண்டியின் ஆக்சிலையே, அதாவது சக்கரங்களை இணைக்கும் அச்சையே, கொண்டுவந்து மாட்டுகிறார்கள். இதில் எதைச் செய்தாலும் பிரேக்கும் கூடவே மாறிவிடுகிறது. வேலை செய்கிறவர் பிரேக்கைத் தொட்டதாகவே நினைப்பதில்லை. வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. எஃப்.சி.யிலும் அது சிக்குவதில்லை.

முதலில் ஒரு சின்னக் கம்பியைப் பற்றிச் சொல்கிறேன். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ். வருவதற்கு முந்தைய ஜீப்புகள், வேன்கள், சிறு சுமை வண்டிகள் பலவற்றில், பின் ஆக்சிலுக்கு மேலே சேஸியோடு ஒட்டி உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் ஒரு வால்வு இருக்கும். எல்.எஸ்.பி.வி. என்று அதற்குப் பெயர், லோடுக்குத் தகுந்தபடி பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு. மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வால்விலிருந்து ஒரு கம்பியோ நீள ஸ்பிரிங்கோ இறங்கி ஆக்சில் ஹவுசிங்கில் மாட்டியிருக்கும். விரல் தடிமன்கூட இருக்காது. சேறு அப்பி, முனையில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து, பார்த்தால் எதற்கோ வைத்த வேண்டாத பாகம் மாதிரிதான் தெரியும்.

பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் போக வேண்டும் என்று முடிவு செய்வது அந்தக் கம்பிதான். வண்டியில் லோடு ஏறினால் பட்டை அமுங்கி, சேஸி ஆக்சிலை நெருங்கி வரும். கம்பி வால்வைத் தள்ளும். பின்பக்க லைனுக்கு அழுத்தம் கூடுதலாகப் போகும். லோடு இறங்கினால் சேஸி எழும்பும், கம்பி தளரும், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை வால்வு மட்டுப்படுத்தும். அந்த வால்வுக்கு எடை பார்க்கத் தெரியாது. அது பார்ப்பது சேஸிக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள உயரத்தை மட்டும்தான். உயரம் குறைந்தால் லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும், கூடினால் காலி வண்டி என்று எடுத்துக்கொள்ளும். அந்த உயரத்தைத்தான் நம் பட்டறைகளில் இஷ்டத்துக்கு மாற்றுகிறோம்.

பின் பிரேக்கை ஏன் மட்டுப்படுத்த வேண்டும் என்று வண்டிக்காரர்கள் கேட்பார்கள். நான்கு சக்கரமும் நன்றாகப் பிடித்தால் நல்லதுதானே என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டினால் புரிந்துவிடும். 1,200 கிலோ எடையுள்ள ஒரு ஜீப், முன்பக்கம் 600 பின்பக்கம் 600 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 2,375 மில்லிமீட்டர், அதாவது ஜிப்ஸியின் வீல்பேஸ். வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல தார் ரோட்டில் ஓங்கிப் பிரேக் அடித்தால் ஏறக்குறைய 230 கிலோ பாரம் பின்னாலிருந்து முன்னால் போய்விடும். பின் சக்கரங்களின் மேல் மிஞ்சுவது 370 கிலோ. அவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு பிடி கிடைக்குமோ அதற்கு மேல் பின் பிரேக் பிடித்தால் சக்கரம் லாக் ஆகிவிடும், அதாவது சுற்றாமல் நின்று வழுக்கும்.

முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி நேரே வழுக்கும். ஸ்டியரிங் கேட்காது, மோசம்தான், ஆனாலும் மூக்கு போகிற திசையில்தான் போகும். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். வண்டி பம்பரமாய்ச் சுற்றிவிடும். அதனால்தான் எந்தத் தயாரிப்பாளரும் காலி வண்டியில் பின் பிரேக் முன் பிரேக்குக்கு முன்னால் லாக் ஆகாதபடி கணக்கிட்டு அமைக்கிறார்கள். உலகம் முழுக்க பிரேக் விதிகள் இதைத்தான் கேட்கின்றன.

இப்போது அதே ஜீப்பை 10 சென்டிமீட்டர் தூக்குங்கள். எடை மையமும் ஏறிவிடும். அதே பிரேக்குக்கு முன்னால் போகும் பாரம் 265 கிலோ ஆகிவிடும், பின்னால் மிஞ்சுவது 335. பின் சக்கரத்தின் பிடியில் பத்தில் ஒரு பங்கு போனது. அதே சமயம் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் இடைவெளி கூடியதால், கம்பியைப் பொறுத்தவரை வண்டி எப்போதும் காலி. காலியாக ஓடும்போது இதனால் பெரிய ஆபத்து இல்லை, பின் பிரேக் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் பின்னால் ஆறு பேர் ஏறி, மூட்டையும் ஏற்றினால்? பின் ஆக்சில் மேல் அவ்வளவு பாரம் உட்கார்ந்திருக்கும், பிரேக் பிடித்தால் நல்ல பிடி கிடைக்கும், ஆனால் வால்வு இன்னும் காலி வண்டி என்றே நினைத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும். நிறுத்தும் வேலை முழுதும் முன் பேடுகளின் தலையில் விழும்.

கூடுதல் பட்டை ஏற்றும் சுமை வண்டிகளில் இது இன்னும் மோசம். எங்கள் பக்கத்து பிக்கப்காரர்களையும் குட்டி யானைக்காரர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். வண்டிக்கு மாதத் தவணை கட்ட வேண்டும், ஒரு நடையில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால்தான் கட்டுப்படியாகும் என்கிறார்கள். அது பெரிய பேச்சு, இந்த மடலில் வேண்டாம். ஆனால் பட்டை சேர்த்தால் என்ன ஆகிறது? ஒரு டன் ஏற்றினாலும் வண்டி முன்போல் உட்காராது. அதற்காகத்தானே சேர்த்தது. கம்பியும் முன்போல் நகராது. ஆக, எந்த வண்டியில் அளவுக்கு மேல் லோடு ஏறுகிறதோ அதே வண்டிதான் தன் வால்விடம் நான் காலியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மலை இறங்குகிறது.

கொல்லிமலையை நீங்கள் அறிவீர்கள். காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அன்னாசி, பலா, மிளகு எல்லாம் அந்த வழியாகக் கீழே வருகிறது. கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவசரத்தில் வளைவுக்கு வளைவு காலை பிரேக்கிலேயே வைத்து இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பின் பிரேக் பாதி வேலைகூடச் செய்யாத வண்டியில் முன் டிஸ்க் என்ன ஆகும்? அடிவாரத்தில் நிறுத்தும்போது பேடு கருகிய வாடை அடிக்கும், டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 என்ற தரத்தில் வரும் புது பிரேக் ஆயில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்குத் தரநிலை கேட்பதே 140 டிகிரிதான். பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பருக்குள் அது கொதித்து ஆவியானால் பெடல் தரையோடு போய்விடும். ஓட்டுநர் வந்து "பெடல் திடீர்னு பஞ்சு மாதிரி ஆயிடுச்சுண்ணே" என்பார். ஏர் எடுத்து, ஆயில் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார். முன் பேடு ஏன் சீக்கிரம் சீக்கிரம் தேய்கிறது, பின் லைனிங் ஏன் வருஷக்கணக்கில் புதுசாகவே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

இனி, உங்கள் சோதனை பற்றிய என் மனக்குறைக்கு வருகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில வண்டிகளில் அந்தக் கம்பியை மேலே தூக்கி, கட்டுக்கம்பியால் சேஸியோடு இறுக்கிக் கட்டியிருப்பதைப் பார்க்கிறேன். சிலவற்றில் கம்பியே இருக்காது, வால்வை எடுத்துவிட்டு நேராக பைப் கொடுத்திருப்பார்கள். கம்பியைத் தூக்கிக் கட்டினால் வால்வு எப்போதும் முழு லோடு என்று எடுத்துக்கொள்ளும். தராசுத் தட்டில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே எடை போடுவது மாதிரி. ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்தால், பாதிப் பேர் பின் பிரேக் பிடிக்கவில்லை என்று புகார் வந்தது, அதனால் கட்டினோம் என்கிறார்கள். பின்பக்கத்தைத் தூக்கியதால் வந்த கோளாறை, இன்னொரு கோளாறால் சரி செய்கிறார்கள். முன்பு சொன்ன கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். உயர்த்திய வண்டியில் பின் சக்கரத்துக்குப் பிடி ஏற்கெனவே குறைந்திருக்கிறது. அதன் மேல் முழு லோடுக்கான பிரேக்கைக் கொடுக்கிறோம். மழை பெய்த ரோட்டில் காலி வண்டியில் நாய் குறுக்கே வந்து ஓங்கி மிதித்தால், வண்டி எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மீதிப் பேர் சொல்லும் காரணம்தான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. சக்கரத்தை உருளை மேல் சுற்றவிட்டு பிரேக் விசையை அளக்கும் ரோலர் டெஸ்டில் பின் பிரேக் அளவு குறைவாகக் காட்டும், தேறாது, அதனால் சோதனைக்குப் போகும் முன் கம்பியைத் தூக்கிக் கட்டிவிடுகிறோம் என்கிறார்கள். யோசித்தால் அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. எல்.எஸ்.பி.வி. சரியாக வேலை செய்யும் வண்டியைக் காலியாக ரோலரில் ஏற்றினால் பின் பிரேக் குறைவாகத்தான் காட்டும். காட்டவும் வேண்டும். அந்த வால்வை வைத்ததே அதற்குத்தான். அதைப் பார்த்து வண்டியைத் திருப்பி அனுப்பினால், ஒழுங்காக இருக்கும் வண்டி தோற்கிறது, கம்பியைக் கட்டிய வண்டி ஜெயிக்கிறது. சர்டிஃபிகேட் வாங்கிய பிறகு கட்டை அவிழ்க்கிறார்களா என்றால், பல பேர் மறந்துவிடுகிறார்கள். அடுத்த எஃப்.சி.க்கு மறுபடி படுத்துக் கட்ட வேண்டுமே என்று வேண்டுமென்றே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

ரோலர் இல்லாத மைதானத்தில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திக் காட்டச் சொல்கிறீர்கள். மெதுவான பிரேக்கில் எந்தச் சக்கரமும் லாக் ஆகாது. முன் பின் சமநிலை கெட்டுப்போன வண்டியும் அந்தச் சோதனையில் அழகாக நின்றுவிடும். முழு பிரேக் தேவைப்படும் அந்த ஒரு நொடியில்தான் வித்தியாசம் தெரியும், அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

2021இல் மத்திய அரசு தானியங்கி சோதனை நிலையங்களுக்கான விதிகளை வெளியிட்டது. எந்திரம் வரட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எந்திரம் ரோலரின் மேல் இருக்கும் சக்கரத்தின் விசையைத்தான் அளக்கும். வண்டிக்கு அடியில் கட்டுக்கம்பி இருப்பதை அது பார்க்காது. ஆள் குழிக்குள் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

ஜீப் பட்டறைகளில் நடக்கும் பெரிய வேலைகள் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே கொண்டுபோய் வைப்பது ஒரு முறை. ஒரே வேலையில் வண்டி நான்கு, ஐந்து அங்குலம் ஏறிவிடும். அதற்காக ஆக்சில் ஹவுசிங்கின் மேல் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள். ஹவுசிங் என்பது உள்ளே ஆயிலும், முனைகளில் பேரிங்கும் சீலும் உள்ள குழாய். சூடு ஒரே பக்கம் ஏறினால் குழாய் மயிரிழை வளையும். பேரிங் நேர் தப்பும், ஆயில் சீல் தேய ஆரம்பிக்கும். இன்னொரு பக்கம், வண்டியைத் தூக்கும்போது ஹவுசிங்கின் மேல் காற்று போய்வர இருக்கும் சின்ன பிரீதர் டியூபைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையை எதையாவது வைத்து அடைத்துவிடுவார்கள். ஓட ஓட ஹவுசிங் சூடாகி உள்ளே காற்றழுத்தம் ஏறும். அது வெளியேற வழி தேடி சீலைத் தள்ளும். கியர் ஆயில் பிரேக் டிரம்முக்குள் வந்துவிடும். டிரம்மைக் கழற்றினால் லைனிங் முழுக்கக் கருப்பாக, பிசுபிசுவென்று, கந்தக வாடையோடு ஊறிக் கிடக்கும். பெட்ரோல் விட்டுக் கழுவி உப்புக் காகிதம் போட்டுத் திரும்ப மாட்டுகிறார்கள். ஊறிய லைனிங்கைத் தூக்கிப் போட வேண்டும், வேறு வழியே இல்லை. ஒரு பக்கம் ஊறி ஒரு பக்கம் காய்ந்திருந்தால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சேஸியிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் பின் பிரேக் ஹோஸ் பழைய உயரத்துக்கான நீளத்தில்தான் இருக்கும். தரையில் நிற்கும்போது சரியாகத் தெரியும். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பாருங்கள், ஹோஸ் விறைத்து நிற்கும், முனையில் மடியும். அது பிய்ந்தால் பின் பிரேக் மொத்தமும் போய்விடும். ஹேண்ட்பிரேக் கேபிளும் அப்படித்தான். உயரம் கூடியதும் கேபிள் தானாகவே இழுபட்டு லைனிங் லேசாக உரசிக்கொண்டே ஓடும், சூடேறும். அந்தச் சூட்டைக் குறைக்க கேபிளைத் தளர்த்திவிடுகிறார்கள், அப்புறம் மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் பிடிக்காது.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே உயரமான கட்டை வைப்பதும் வழக்கம். பிரேக் அடிக்கும்போது ஆக்சில் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் பார்க்கும், அதைத் தாங்குவது பட்டைதான். நடுவே கட்டை வந்தால் நெம்புகோல் நீளமாகிவிடும். பட்டை முறுக்கிக்கொண்டு ஆக்சில் துள்ளும், அதோடு சேர்ந்து எல்.எஸ்.பி.வி. கம்பியும் ஆடும்.

பெரிய டயர் விஷயம் எளிது. ஜிப்ஸிக்குக் கம்பெனியில் கொடுத்த 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 31 அங்குல டயர் மாட்டினால் 787. டிரம்மும் டிஸ்க்கும் அதே அளவில் இருக்க, ரோட்டில் கிடைக்கும் பிரேக் விசை அதே மிதிக்கு 15 சதவீதம் குறையும். டயரின் எடை கூடியது தனிக் கணக்கு. வேகமானி வேறு குறைவாகக் காட்டும். ஆக வண்டி ஓட்டுநர் நினைப்பதைவிட வேகமாக ஓடும், நினைப்பதைவிடத் தள்ளித்தான் நிற்கும்.

பின் டிரம்மை டிஸ்க்காக மாற்றுவது இளைஞர்களிடம் இப்போது ஆசையாக இருக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் டிரம்மில் ஒரு ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானாகவே இறுகும், குறைந்த அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்தக் குணம் கிடையாது, அழுத்தமும் ஆயிலும் கூடுதலாக வேண்டும். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு ஆயில் தள்ளாது, பெடல் இறங்கிப் போகும். போதாததற்கு, பழைய கடையில் கிடைத்த கேலிப்பரில் ஹேண்ட்பிரேக் அமைப்பே இருக்காது. ஹேண்ட்பிரேக் இல்லாமல் வண்டி ஓட்டுவது சட்டப்படியே தவறு.

வேறு வண்டியின் ஆக்சிலை மாட்டும்போது டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் அதன் வீல் சிலிண்டரும் கூடவே வரும். போல்ட் பொருந்துகிறது, பைப் பொருந்துகிறது, சரி என்று மாட்டிவிடுகிறார்கள். முக்கால் அங்குல சிலிண்டர் இருந்த இடத்தில் எட்டில் ஏழு பங்கு அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டருக்குப் பதில் 22 மில்லிமீட்டர் சிலிண்டர் வந்தால், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பரப்பளவில் அது 36 சதவீதம் கூடுதல். அதே அழுத்தத்துக்குப் பின் ஷூக்கள் அவ்வளவு கூடுதல் விசையோடு டிரம்மை அழுத்தும். காலி வண்டியில் பின் சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆக இது ஒன்றே போதும்.

2019 ஏப்ரலிலிருந்து விற்ற கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம், ஆகவே இனி இந்தப் பிரச்சினை இல்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் முன் பின் பங்கீட்டை எலக்ட்ரானிக் பெட்டி பார்த்துக்கொள்கிறது, கம்பி வால்வு பெரும்பாலும் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டி எதை நம்பி வேலை செய்கிறது? ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் பல் வளையத்தையும் சென்சாரையும் நம்பித்தான். வேறு ஆக்சில் வந்து அதன் வளையத்தில் பல் எண்ணிக்கை மாறினால், நேராக ஓடும்போதே பின் சக்கரம் வேறு வேகத்தில் சுற்றுவதாகப் பெட்டி நினைக்கும். ஒன்று விளக்கு எரிந்து ஏ.பி.எஸ். நின்றுவிடும், அல்லது தேவையில்லாத நேரத்தில் பிரேக்கை விடுவிக்கும். விளக்கு எரிந்தால் பல்பைப் பிடுங்கிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். சாவி போட்டதும் ஏ.பி.எஸ். விளக்கு ஒரு முறை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் அங்கே ஏதோ வேலை நடந்திருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று இருக்கிறது. ஆனால் ரோட்டில் பிடிபடுவது என்ன? கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாள், சத்தம் போடும் சைலன்ஸர், முன்னால் மாட்டிய புல் பார், கண்ணைக் கூசும் விளக்கு. அவையும் தவறுதான், பிடியுங்கள். ஆனால் எட்டி நின்று பார்த்தால் தெரிகிற தவறுக்கு மட்டும் அபராதம் போட்டுக்கொண்டிருந்தால், குனிந்து பார்த்தால் மட்டுமே தெரிகிற தவறு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். சொந்த வண்டிகளின் கதை இன்னும் மோசம். பதிவு செய்து 15 வருடம் வரை அதை யாரும் அடியில் பார்ப்பதே இல்லை. இந்த வேலைகளில் பெரும்பகுதி அந்த வண்டிகளில்தான் நடக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. எஃப்.சி. பார்க்கும்போது பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். எல்.எஸ்.பி.வி. கம்பி இருக்கிறதா, கையால் அசைத்தால் அசைகிறதா, எங்காவது கட்டியிருக்கிறதா? பட்டைக்கட்டில் பளபளவென்று புதுப் பட்டை தெரிகிறதா, பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட் வழக்கத்தைவிட நீளமா? ஹோஸ் விறைப்பாக இருக்கிறதா, டிரம்மின் பின் தகட்டில் ஆயில் வழிந்த கறை இருக்கிறதா? இதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

ரோலர் இருக்கும் இடத்தில் எல்.எஸ்.பி.வி. உள்ள வண்டியை இரண்டு முறை பாருங்கள். முதலில் கம்பியை இருக்கிறபடி விட்டு அளவு எடுங்கள். பிறகு உதவியாளர் ஒருவர் குழிக்குள்ளிருந்து கம்பியை மேலே தள்ளிப் பிடிக்க, அதே மிதியில் மறுபடி எடுங்கள். இரண்டாவது அளவு தெளிவாகக் கூடினால் வால்வு உயிரோடு இருக்கிறது, முதல் அளவு குறைவாக இருந்ததற்காக அந்த வண்டியைத் தோற்கடிக்காதீர்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் வால்வு இறுகிப்போயிருக்கிறது, அல்லது யாரோ அதைத் தாண்டி பைப் கொடுத்திருக்கிறார்கள். இப்படி ஒரு சுற்றறிக்கை உங்கள் அலுவலகத்திலிருந்து வந்தாலே, கட்டுக்கம்பியால் கட்டும் பழக்கத்துக்குக் காரணமே போய்விடும்.

உயர்த்தி ஓட்டும் சொந்த வண்டிக்காரர்கள் தாங்களாகவே வந்து பிரேக்கைச் சோதித்துக்கொள்ள ஒரு வழி செய்யுங்கள். அபராதத்துக்குப் பயந்து யாரும் இப்போது உங்கள் வாசலுக்கு வருவதில்லை. முதல் முறை வருகிறவருக்கு அபராதம் போடாமல், பழைய உயரத்துக்கு இறக்கிக் காட்ட இன்ன தேதி என்று எழுதிக் கொடுத்து அனுப்பலாம். அதற்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை உங்கள் சட்டப் பிரிவு பார்க்கட்டும். லிஃப்ட் கிட்டும் கூடுதல் பட்டையும் பகிரங்கமாக விற்கும் கடைகளையும் விடாதீர்கள். வண்டிக்காரரிடம் மட்டும் 5,000 ரூபாய் வாங்கிவிட்டு, மாட்டிக் கொடுத்தவரைப் பார்க்காமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, விபத்துக்குள்ளான வண்டியைப் பார்த்து நீங்கள் எழுதும் அறிக்கை. பிரேக் வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதுவதோடு நிற்காமல், பின் வால்வுக் கம்பியின் நிலை, பட்டைகளின் எண்ணிக்கை, மாட்டியிருக்கும் டயர் அளவு, ஆக்சில் மாற்றப்பட்டிருக்கிறதா என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். பெடலை மிதித்தால் நான்கு சக்கரமும் பிடிக்கலாம், அப்படியும் பின் சக்கரம் முந்தி லாக் ஆகி வண்டி சுழன்றிருக்கலாம். அதை யாரும் எழுதி வைக்காததால், இப்படி எத்தனை விபத்து நடக்கிறது என்று யாருக்குமே கணக்குத் தெரியாமல் போகிறது. இந்த நான்கு விவரமும் சேர்ந்தால் இரண்டே வருடத்தில் உங்களிடமே அந்தக் கணக்கு இருக்கும்.

எங்கள் மாவட்டத்தில் எந்த எஃப்.சி. மைதானத்தில் அழைத்தாலும் வருகிறேன். எல்.எஸ்.பி.வி. உள்ள ஒரு பிக்கப், இரண்டு பிரஷர் கேஜ், ஒரு டார்ச் கொண்டு வருகிறேன். முன் லைனில் ஒரு கேஜ், பின் லைனில் ஒரு கேஜ் மாட்டி, காலியாக எவ்வளவு, கம்பியைத் தூக்கினால் எவ்வளவு, கூடுதல் பட்டை ஏற்றிய பிறகு லோடோடு எவ்வளவு என்று உங்கள் ஆய்வாளர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு காலைப் பொழுது போதும். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிரேக் பட்டறைக்காரன்,
நாமக்கல் மாவட்டம்